லிசென்சியாதா

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். இதுவரை படித்ததில் உயர்ந்த படிப்பு எது என்று ஒரு கேள்வி, அதன் கீழே வரிசையாகக் கட்டங்கள். ப்ரிமாரியா, செகுந்தாரியா, பாச்சியெராத்தோ, லிசென்சியாத்தூரா, மாயெஸ்த்ரீயா, தொக்தொராதோ. அப்போது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் வணக்கம் சொல்லவும் தண்ணீர் கேட்கவும் போதும், அவ்வளவுதான். நான் படித்தது பி.எஸ்ஸி. கணினி அறிவியல், அதாவது பேச்சலர் டிகிரி. பாச்சியெராத்தோ என்ற சொல்லைப் பார்த்ததும் இதுதான் அது என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தவரைக்கூடக் கேட்கவில்லை. டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதிய பிராஜெக்டுக்கு ஆள் எடுத்தார்கள். பட்டதாரிகள் மட்டும் என்பது வாடிக்கையாளர் போட்ட நிபந்தனை. என்னோடு இந்தியாவிலிருந்து வந்த 2 பேர் பெயரும் பட்டியலில் இருந்தது, என் பெயர் இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் போல என்று 2 நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் போய்க் கேட்டேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் என் கோப்பைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மெக்சிகோவில் ப்ரிமாரியா 6 வருடம், செகுந்தாரியா 3 வருடம், பாச்சியெராத்தோ 3 வருடம். கூட்டிப் பார்த்தால் 12. நம் ஊர் ப்ளஸ் டூ.

சான்றிதழைக் கேட்டார். அதன் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுத்தேன், கிளம்பும் முன் ஊரிலேயே பணம் கட்டிச் செய்து வாங்கியது. அதிலும் "பாச்சியேர் என் சியென்சியாஸ்" என்றுதான் இருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பேச்சலர் ஆஃப் சயின்ஸ் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஒரு மெக்சிகோக்காரர் அதைப் படித்தால், அறிவியல் பாடம் எடுத்துப் பள்ளி முடித்தவர் என்றுதான் புரிந்துகொள்வார். அந்தப் பெண் ஆங்கில மூலத்தை எடுத்து 6 செமஸ்டர் மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பெரோ உஸ்தேத் எஸ் லிசென்சியாதா" என்றார். நீங்கள் லிசென்சியாதா, அதாவது பட்டதாரி, அல்லவா, என்று. அந்தச் சொல்லை என்னை நோக்கி ஒருவர் சொன்னது அதுதான் முதல் முறை.

இப்போது அங்கே வேலைக்குப் போகிற நம் ஆட்கள் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். எதுவாக இருந்தாலும் மெக்சிகோவுக்கான மொழிபெயர்ப்பில் லிசென்சியாத்தூரா, அதாவது பட்டப் படிப்பு, என்று வர வேண்டும். பாச்சியேர் என்று வரக் கூடாது. பி.இ., பி.டெக். என்றால் படிப்பின் மட்டம் லிசென்சியாத்தூராதான், ஆனால் பட்டம் இன்ஹெனியேரோ, பெண் என்றால் இன்ஹெனியேரா. ஊரில் மொழிபெயர்க்க வேண்டாம். மாநில அரசின் சான்றொப்பம், அதன் பிறகு வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்று, இந்த இரண்டையும் இங்கே முடித்துக்கொண்டு, மொழிபெயர்ப்பை அங்கே போய் "பெரீத்தோ" என்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள். அவர் முத்திரை இல்லாவிட்டால் பல அலுவலகங்களில் வாங்கவே மாட்டார்கள். நான் ஒரே காகிதத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன்.

சரி, லிசென்சியாதா, ஆண்பாலில் லிசென்சியாதோ, என்றால் என்ன? லைசென்ஸ் என்று நாம் தினமும் சொல்கிற சொல்லும் இதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. லிசென்சியா என்றால் அனுமதி. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் சொல்லிக் கொடுக்க ஒருவருக்கு உரிமை கொடுப்பார்கள், அந்த உரிமையைப் பெற்றவர் லிசென்சியாதோ. பாச்சியேருக்கு மேலே, முனைவரான தொக்தோருக்குக் கீழே. ஸ்பெயினில் சாலமாங்கா பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. அங்கே இந்தத் தேர்வுக்கு முந்தைய இரவை மாணவர் பழைய பேராலயத்தின் சாந்தா பார்பரா சிற்றாலயத்தில் தனியாகக் கழித்தார், அங்கே அடக்கமான ஓர் ஆயரின் கல்லறையில் பாதம் படும்படி உட்கார்ந்து படித்தார் என்று சொல்வார்கள். 1551இல் ஸ்பெயின் அரசர் ஆணையால் மெக்சிகோவில் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது சாலமாங்காதான் முன்மாதிரி. பட்டங்களும் பெயர்களும் அப்படியே கப்பலேறி வந்தன.

உச்சரிப்பு தமிழர்களுக்கு எளிது. லிசென்சியாதோவின் கடைசி எழுத்தை ஆங்கில 'டி' போல அழுத்தினால் வேறு மாதிரி கேட்கும். நாம் "அது" என்று சொல்லும்போது வருகிற அந்த மெல்லிய 'து' இருக்கிறதே, அதே ஒலிதான். என்னோடு வேலை செய்த அமெரிக்கர்கள் இதற்குத் திணறினார்கள், எனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

காகிதத்தில் இதற்கு வரையறை உண்டு. வாயில் வரும்போது அந்த வரையறை எங்கேயோ போய்விடும், அதைப் பழகத்தான் எனக்கு நாள் பிடித்தது. மெக்சிகோவில் படித்த ஒருவரைப் பட்டம் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இஞ்சினியர் "இன்ஹே", கட்டடக் கலைஞர் "ஆர்க்கி", கணக்கர் "கோன்தா", ஆசிரியர் "ப்ரோஃபே", மற்ற எல்லாருக்கும் "லிக்". வக்கீலுக்கு லிசென்சியாதோ என்பது கிட்டத்தட்ட அவர் பெயராகவே ஆகிவிடும், "லிசென்சியாதோ இருக்கிறாரா" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டால் வக்கீலைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதும்போதும் சுருக்கி எழுதி, ஒரு புள்ளி வைத்து, பிறகு குடும்பப் பெயர். ஆண்களை லிசென்சியாதோ என்றும் பெண்களை லிசென்சியாதா என்றும் சொல்ல வேண்டும். லிக், இன்ஹே போன்ற சுருக்கங்கள் இருவருக்கும் ஒன்றுதான், எது என்று தடுமாறும் நேரத்தில் அது கை கொடுக்கும்.

என் குழுவில் எல்லாரும் என்னை "இன்ஹே" என்றார்கள். மென்பொருள் வேலை செய்கிற எவரும் அவர்களுக்கு இன்ஹே. நான் பி.இ. படிக்கவில்லையே, இல்லாத பட்டத்தை ஏற்றுக்கொள்வது சரியா என்று மனது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். பேச்சில் வருவதைத் திருத்தாதே, கையெழுத்துப் போடும் காகிதத்தில் வருவதைத் திருத்து என்றார். நான் 4 வருடமும் அதையே கடைப்பிடித்தேன். மின்னஞ்சலின் அடியில் லிசென்சியாதா என்று போட்டேன், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் இன்ஹே என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

தெருவில் இன்னும் தாராளம். வண்டி நிறுத்த இடம் காட்டுகிறவர், காலணி துடைக்கிறவர், சந்தையில் பழம் விற்கிறவர், நன்றாக உடுத்திய யாரைப் பார்த்தாலும் "வாங்க லிக்" என்பார்கள். அங்கே யாரும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. நம் ஊரில் கடைக்காரர் "சார், வாங்க" என்பது போலத்தான். "மாயெஸ்த்ரோ" என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் அழகாக இருக்கும். முதுகலை முடித்தவரும் மாயெஸ்த்ரோ, பள்ளி ஆசிரியரும் மாயெஸ்த்ரோ, என் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவரும் மாயெஸ்த்ரோ. கைத்தொழிலில் தேர்ந்தவரை அந்த ஊர் அந்தப் பெயரால் மதிக்கிறது, நம் கொத்தனாரை மேஸ்திரி என்கிறோமே, அந்த மாதிரி.

இந்தப் பட்டத்துக்கு அங்கே இருக்கும் எடையை நான் புரிந்துகொண்டது விமான நிலையங்களின் பெயர்ப் பலகைகளில். மொந்தெர்ரே விமான நிலையத்தின் பெயரில் ஜெனரல் மரியானோ எஸ்கோபேதோ இருக்கிறார். தொலூக்காவிலோ லிசென்சியாதோ அதோல்ஃபோ லோபெஸ் மாதெயோஸ். புவெர்த்தோ வயார்த்தாவில் லிசென்சியாதோ குஸ்தாவோ தியாஸ் ஒர்தாஸ். 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு நாட்டை ஆண்டவர்களில் பெரும்பாலோர் தளபதிகள். 1946இல் மிகெல் அலெமான் என்ற வக்கீல் குடியரசுத் தலைவரானார், அதன் பின் அந்த நாற்காலியில் ராணுவத்தார் யாரும் உட்காரவில்லை. அதிகாரம் ஜெனரல்களிடமிருந்து லிசென்சியாதோக்களிடம் போனதை அந்தப் பலகைகளிலேயே படிக்கலாம்.

தலைநகரின் விமான நிலையம் பெனித்தோ ஹுவாரெஸ் பெயரில். ஒஹாகா மலைகளில் சபோதெக் என்ற பழங்குடி மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர், 3 வயதில் பெற்றோரை இழந்தவர், நகரத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பானிஷ் கற்றவர். 1834இல் வக்கீல் ஆனார். பிறகு நாட்டின் தலைவர். அவர் கதையைப் படித்த பிறகு அந்தச் சொல்லை வெறும் சம்பிரதாயமாக என்னால் கேட்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. என் அப்பா 5ஆம் வகுப்போடு நிறுத்திவிட்டார்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெக்சிகோவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. பட்டத்தோடு சேர்ப்பது முதலாவதை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர்தான் அந்த இடத்தில் இருந்தது. அதனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் "லிசென்சியாதா" என்று சொல்லி என் அப்பாவின் பெயரை உரக்க வாசித்தார்கள். முதல் முறை கேட்டபோது எழுந்திருக்கவே சில நொடிகள் ஆயின. அன்று இரவு தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பட்டம் படித்தவர் என்று அர்த்தம், அவர்கள் ஊரில் உங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நம் கல்யாணப் பத்திரிகைகளில் மணமக்கள் பெயருக்குப் பின்னால் பட்டங்களை அச்சடிக்கிறோம். வெறும் பெருமைக்காக என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. படிப்பு எட்டாமல் இருந்த வீடுகளுக்கு அந்த இரண்டு எழுத்துகள் எவ்வளவு தூரம் நடந்து வந்தவை என்று தெரியும்.

ஆனால் எல்லாரும் மதிக்கிற சொல் என்பதாலேயே அதைப் போர்த்திக்கொண்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. குவாதலஹாராவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்த் தம்பதி ஒருவர். மனைவியின் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ஒருவரிடம் போனார்கள். கோட்டு, டை, விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் லிசென்சியாதோ. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். 2 மாதம் கழித்தும் விண்ணப்பம் போகவே இல்லை, கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. என் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "அவருடைய செதுலா எண் என்ன?"

செதுலா ப்ரோஃபெசியோனால் என்பது தொழில் செய்வதற்கான பதிவு. 1945ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீல், மருத்துவர் போன்ற தொழில்களுக்கு அது கட்டாயம். நாட்டின் கல்வித் துறை அமைச்சகம் கொடுக்கிறது, முன்பு படம் ஒட்டிய அட்டையாக இருந்தது, 2018 முதல் மின்னணு வடிவம். பெயரையும் இரண்டு குடும்பப் பெயர்களையும் போட்டால் அமைச்சகத்தின் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று எல்லாம் வரும். அந்த ஆளைத் தேடினோம். அப்படி ஒருவர் அதில் இல்லை. பணம் திரும்பி வரவே இல்லை, அட்டையை அவர்களே வரிசையில் நின்று கடைசி நாளுக்கு முந்தைய நாள் புதுப்பித்தார்கள். அதிலிருந்து வீட்டு ஒப்பந்தமோ விசாவோ, யாரிடம் போனாலும் முதலில் எண்ணைக் கேட்பேன். உண்மையான வக்கீல் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, பலர் சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டினார்கள்.

இதே பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மற்ற ஸ்பானிஷ் நாடுகளுக்குப் போகக் கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன். பொகோதாவில் இருந்த ஒரு வாடிக்கையாளர் மேலாளருக்கு, மெக்சிகோ வழக்கப்படி "மதிப்புக்குரிய லிசென்சியாதோ" என்று எழுதினேன். நான் ஆசிரியர் இல்லையே என்று மென்மையாகப் பதில் வந்தது. கொலம்பியாவில் லிசென்சியாத்தூரா என்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டம். அங்கே வக்கீலையும் பெரிய அதிகாரியையும் "தொக்தோர்" என்கிறார்கள், முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும். மாட்ரிட்டில் இருந்த ஒருவருக்கு எழுதியபோது, என் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். ஸ்பெயினில் யாரையும் அப்படி அழைப்பதில்லை. பட்டமே பழையதாகிவிட்டது, 2007ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அங்கே 4 வருடப் படிப்புக்குக் கிராதோ என்று பெயர். அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸைச் சேர்ந்த தோழி ஒருத்தி வாரா வாரம் "என் லிசென்சியாதா"விடம் போகிறேன் என்பாள். வக்கீலிடம் இவ்வளவு என்ன வேலை என்று கவலைப்பட்டேன். அவள் சொன்னது உளவியல் ஆலோசகரை.

பெருவில் என் முதல் பாடமே தலைகீழ். அங்கே பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததும் கிடைப்பது பாச்சியேர், அதற்கு மேல்தான் லிசென்சியாதோ. கோஸ்தா ரிக்காவிலும் பல்கலைக்கழகத்தில் பாச்சியெராத்தோ உண்டு, அதற்கு அடுத்த படி லிசென்சியாத்தூரா. அதனால் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது எந்த நாட்டுக்கு என்று கட்டாயம் சொல்லுங்கள். ஸ்பானிஷுக்கு என்று மட்டும் சொன்னால் போதாது. பட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, பக்கத்தில் அந்த நாட்டில் அது எந்த மட்டம் என்று குறிப்பு எழுதச் சொல்வது இன்னும் பாதுகாப்பு.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டால், சான்றிதழாக இருந்தால் இளநிலைப் பட்டம். ஒருவரை அழைப்பதாக இருந்தால் இடத்தைப் பார்த்து வக்கீல் சார், ஆபீசர், மேடம், சில இடத்தில் வெறும் சார். எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டு நிரப்பினால் ஏதாவது ஓர் இடத்தில் பொய்யாகிவிடும்.

அலுவலகத்துக்குப் பின் தெருவில் ஒரு ஃபோந்தா இருந்தது, மதியச் சாப்பாடு போடும் சின்னக் கடை. நடத்திய அம்மாவை எல்லாரும் மரியாதையாக டோன்யா என்போம். அவர் மகள் கணக்குப் பார்ப்பாள், தொர்த்தியா என்ற சோள ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து வைப்பாள். சட்டப் படிப்பின் பாடங்களையெல்லாம் முடித்திருந்தாள், ஆனால் ஆய்வேடு எழுதவில்லை. மெக்சிகோவில் படித்து முடிப்பது வேறு, பட்டம் பெறுவது வேறு. பாடம் முடித்தும் பட்டம் வாங்காதவரை "பசாந்தே" என்பார்கள். சமூகச் சேவைக்கான மணிநேரம், ஆய்வேடு அல்லது தேர்வு, கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். இடையில் வேலை, கல்யாணம், குழந்தை என்று வந்துவிட்டால் அந்த நிலையிலேயே பலருக்கு வருடங்கள் ஓடிவிடும். அவளுக்கு 7 வருடம் ஓடியிருந்தது. வாடிக்கையாளர்கள் செல்லமாக "லிக்" என்று கூப்பிடுவார்கள். டோன்யா ஒவ்வொரு முறையும் திருத்துவார்: "தொதாவியா நோ." இன்னும் இல்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஆண்டு அவள் ஆய்வேட்டை எழுதி முடித்தாள். இரவு கடை சாத்திய பிறகு அந்த மேசைகளில் ஒன்றில்தான் எழுதினாள். பட்டத் தேர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தேர்வுக் குழுவினர் 3 பேர் கேள்வி கேட்டு, எங்களை வெளியே அனுப்பிப் பேசி, மீண்டும் உள்ளே கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம். அவள் வலது கையை நீட்டி உறுதிமொழிக்கு "சீ, ப்ரோதெஸ்தோ" என்றாள். ஆம், உறுதி கூறுகிறேன், என்று. டோன்யா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் சாப்பிடப் போனேன். கூட்டம். தொர்த்தியா தீர்ந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அடுப்படியிலிருந்து டோன்யா மகளைக் கூப்பிட்டார், கடை முழுக்கக் கேட்கும்படி: "லிசென்சியாதா! நாலாம் மேசைக்குத் தொர்த்தியா!"